குட்டியானைக்கு ஒன்று, சாவிக்கொத்துக்கு வேறொன்று

கானாடுகாத்தானில் ஒரு சாந்தி. அறுபதாம் கல்யாணத்தை நகரத்தார் வீடுகளில் அப்படித்தான் சொல்வார்கள். மூன்று நாள் சமையல் முடிந்து, மறுநாள் காலை என் பாத்திரங்களை ஏற்றப் போனால் உக்கிராண அறை பூட்டிக் கிடக்கிறது. உள்ளே என்னுடைய ஆறு அண்டா, பதினான்கு தேக்சா, இரண்டு இட்லிக் கொப்பரை, கரண்டிப் பெட்டி எல்லாம். அன்று மாலையே தேவகோட்டையில் இன்னொரு கல்யாணத்துக்கு அவை போய்ச் சேர வேண்டும். வீட்டு ஆச்சிக்குப் போன் போட்டேன்.

“தம்பி, சாவிக்கொத்து என் கைப்பையிலதான் கெடக்கு. நான் திருச்சி ஏர்போர்ட் வாசலுக்கு வந்துட்டேனே!”

நல்லவேளை, அவர்களை இறக்கிவிட்ட டிரைவர் பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். சாவி திரும்பி வந்தது. நான் தேவகோட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது சமையல் மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

எனக்குப் பள்ளத்தூரில் பாத்திர வாடகைக் கடை. அப்பா தொடங்கியது. ஒரு குட்டியானை வண்டி, இழுவையில் போகும் ஒரு ஜெனரேட்டர், பாத்திரம், ஜமுக்காளம், நாற்காலி, ஆறு வேலையாட்கள். பொருள் ஊர் ஊராய்ப் போவதும் திரும்புவதும்தான் என் பிழைப்பே. அதனால் “எது எங்கே இருக்கிறது” என்பது எனக்கு விளையாட்டுக் கேள்வி இல்லை. காரைக்குடியில் பொறியியல் படிக்கும் அக்கா மகன், “மாமா, டிராக்கர் ஒண்ணு வாங்கிப் போடுங்க” என்றான். பொருள் இருக்கும் இடத்தைப் போனில் காட்டும் சின்னக் கருவி அது. போட்டேன். ஆனால் தலைகீழாகப் போட்டேன். சாவிக்கொத்துக்கு ஜிபிஎஸ் வகை, வண்டிக்கு ப்ளூடூத் டேக் வகை. விலை கூடியது நல்லது, அதை முக்கியமான சாவிக்கு வைப்போம் என்கிற கணக்கு. இரண்டும் சொதப்பின. அந்த இரண்டு வருடத்தில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்பது புரிந்துவிட்டால், பாதித் தேர்வு தானாக முடிந்துவிடும்.

ப்ளூடூத் டேக்குக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாது. அது சும்மா ஒரு அடையாளத்தை விட்டுவிட்டுச் சொல்லிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் யாருடைய போனாவது கடந்துபோனால், அந்தப் போன் அதைக் கேட்டு, “நான் இப்போது நிற்கிற இடத்தில் இப்படி ஒன்று கிடக்கிறது” என்று இணையம் வழியாகத் தகவல் அனுப்பும். போன்காரருக்கே இது தெரியாது. தகவல் பூட்டுப் போட்டு வருவதால், திறந்து பார்க்க டேக்கின் சொந்தக்காரரால் மட்டும்தான் முடியும். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளை அழுதுகொண்டே நிற்கிறது, போகிற வருகிறவர்கள் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள், அவ்வளவுதான். கூட்டம் இல்லாத இடத்தில் எவ்வளவு அழுதும் பயனில்லை.

ஜிபிஎஸ் டிராக்கர், பர்மாவுக்குப் போன பையன் ஊருக்குக் கடிதம் போடுவதுபோல. தான் இருக்கும் இடம் அதற்கே தெரியும். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞை கிடைத்தால், தன் இடத்தைச் சில மீட்டர் பிசகுக்குள் கணக்குப் போட்டுவிடும். ஆனால் அந்தச் செய்தி நம்மிடம் வர ஒரு சிம் கார்டு வேண்டும், அந்த சிம்முக்கு டவர் கிடைக்க வேண்டும், ரீசார்ஜ் தீராமல் இருக்க வேண்டும், கருவியில் சார்ஜ் இருக்க வேண்டும். செயற்கைக்கோளுக்குப் பணம் கட்டுகிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது இலவசம். நாம் கட்டுவது தபால் செலவு.

ஆக, பொருள் தொலையும் இடத்தில் சேதி சொல்ல ஆள் இருக்குமா, இல்லாவிட்டால் பொருளே சேதி சொல்ல அதற்குச் சக்தி கொடுக்க முடியுமா என்பதுதான் நான் இப்போது கேட்டுக்கொள்வது.

என் முதல் தவறுக்கு வருகிறேன். சாவிக்கொத்தில் மாட்டிய ஜிபிஎஸ் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. நான்கு நாளுக்கு ஒருமுறை சார்ஜ் போட வேண்டும். சாவியைச் சார்ஜில் போட்டுவிட்டு அங்கேயே மறந்து கிளம்பியதுதான் அதனால் கண்ட பலன். அதோடு, நம் ஊர் வீடுகளுக்குள் ஜிபிஎஸ் தடுமாறும். செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த கனத்த சுவர், மேலே அடுக்கடுக்காய் ஓடு, அதற்குக் கீழே பர்மாத் தேக்கு. வானம் தெரிகிற வளவு முற்றத்தில் சாவி கிடந்தால் புள்ளி சரியாக விழும். பக்கத்து அறைக்குள் போனால் அடுத்த தெருவைக் காட்டும், சில நேரம் ஊருணிக்குள்ளேயே புள்ளி போய் நிற்கும். வேலைக்காரத் தம்பி ஒருவன் உண்மையிலேயே ஊருணிக்கரையில் போய்த் தேடிவிட்டு வந்தான்.

சாவி, பர்ஸ், கைப்பை, பூஜை சாமான் பை மாதிரி கையில் புழங்குகிற சிறு பொருளுக்கு ப்ளூடூத் டேக்தான் சரி. 2021-ல் வந்த ஆப்பிளின் ஏர்டேக், நம்முடைய 10 ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் அகலம், 11 கிராம் எடை. உள்ளே இருப்பது சிஆர் 2032 என்ற வட்ட பேட்டரி. அந்த எண்ணே அளவைச் சொல்லிவிடும்: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். ஒரு வருடம்போல ஓடும். பேட்டரி ஆராய்ச்சி நடக்கிற சிக்ரியே எங்கள் காரைக்குடியில் இருக்கிறது, இருந்தும் இந்தப் பேட்டரியைப் பற்றி ஒரு விஷயத்தை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். குழந்தைகள் வாயில் போடாமல் இருக்கச் சில கம்பெனிகள் பேட்டரிமேல் கசப்புப் பூச்சு தடவி விற்கின்றன. நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தப் பூச்சால் சில டேக்குகளில் மின்தொடர்பு சரியாகக் கிடைக்காமல் போகலாம். புது பேட்டரி போட்டும் டேக் எழுந்திருக்கவில்லை என்றால் பூச்சில்லாத ஒன்றை மாற்றிப் பாருங்கள். அப்புறம், பூச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கழற்றிய பேட்டரியை மேசைமேல் வைக்காதீர்கள். விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும். அப்படி நடந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

எந்த டேக் வாங்குவது? முதலில் உங்கள் கையில் இருக்கும் போனைப் பாருங்கள். ஏர்டேக்கை ஆண்ட்ராய்டு போனில் பதிவு செய்ய முடியாது. சாம்சங்கின் ஸ்மார்ட்டேக்குக்கு சாம்சங் போன்தான் வேண்டும். ஜியோவில் இரண்டு வகை இருக்கிறது: ஜியோடேக் ஏர் ஆப்பிளின் வலைப்பின்னலில் சேரும், ஜியோடேக் கோ கூகுளின் வலைப்பின்னலில் சேரும். இரண்டும் 2024-ல் 1,499 ரூபாய் விலையில் வந்தன. பெட்டியின் மேல் எது என்று படித்துவிட்டு வாங்குங்கள். என் மச்சினர் ஆண்ட்ராய்டு போனை வைத்துக்கொண்டு முதலாவதை வாங்கிவிட்டு, “பீஸ் வேலை செய்யலை” என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனார்.

அடுத்தது, பொருள் போகும் இடத்தில் மற்றவர்கள் கையில் என்ன போன் இருக்கிறது என்பது. ஏர்டேக்கின் சேதியை ஐபோன் போன்ற ஆப்பிள் கருவிகள்தான் கொண்டுபோகும், கூகுள் வலைப்பின்னல் டேக்கின் சேதியை ஆண்ட்ராய்டு போன்கள்தான். இதைப் பற்றிக் கடையில் யாரும் பேசுவதில்லை, நம் ஊருக்கோ இதுதான் தலையாய விஷயம். காரைக்குடி பெரியார் சிலைப் பக்கம், கொப்புடையம்மன் கோவில் வாசல் போன்ற இடங்களில் எந்த டேக்கும் பேசும். கோனாப்பட்டு, நேமத்தான்பட்டி பக்கம் ஒரு தெருவை நினைத்துப் பாருங்கள். இருபக்கமும் பெரிய வீடுகள், பாதிக்குமேல் பூட்டு. மத்தியானம் தெருவில் ஓர் ஆடும் ஒரு தபால்காரரும் மட்டும் நடமாடுவார்கள். அந்தத் தபால்காரரிடம் ஐபோன் இருக்க வாய்ப்புக் குறைவு. நான் ஒரு ஏர்டேக்கை அப்படி ஒரு வீட்டில் ஜமுக்காளக் கட்டோடு வைத்துவிட்டு வந்தேன். ஒன்றரை நாள் மூச்சே இல்லை. சிங்கப்பூரிலிருந்து வந்த குடும்பம் ஒன்று முன்னோர் படைப்புக்காக எதிர்வீட்டில் வந்து இறங்கிய மறுநிமிடம் புள்ளி உயிர்பெற்றது.

அப்படியானால் ஆண்ட்ராய்டு டேக் நம் ஊருக்குப் பொருத்தம் என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கூகுள் அதில் ஒரு தாழ்ப்பாள் வைத்திருக்கிறது. ஒருவர் தனியாக இருக்கும் இடம் வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, ஆள் நடமாட்டம் அதிகமுள்ள இடங்களில், பல போன்கள் ஒரே டேக்கைக் கேட்டால்தான் தகவல் கொடுக்கும்படி ஆண்ட்ராய்டு போன்களை அமைத்துத் தருகிறார்கள். ஒரே ஒரு தபால்காரர் கடந்துபோனால் போதாது. நல்ல காரணத்துக்காகச் செய்ததுதான், ஆனால் ஆளில்லாத தெருவில் டேக் ஊமையாகிவிடும்.

இதற்கு ஒரு வழி உண்டு. போனின் அமைப்புகளில் கூகுள் பகுதிக்குள் போய், தொலைந்த சாதனம் கண்டுபிடிக்கும் இடத்தைத் திறங்கள். முன்பு ஃபைண்ட் மை டிவைஸ் என்று இருந்தது, 2025-ல் ஃபைண்ட் ஹப் என்று பெயர் மாற்றினார்கள். அதில் ஆஃப்லைன் சாதனங்களைக் கண்டுபிடிப்பது பற்றிய பகுதியில், நெரிசலான இடங்களில் மட்டும் என்று இருப்பதை எல்லா இடங்களிலும் என்று மாற்றலாம். என் போனிலும், கேட்டுக்கொண்டு என் ஆறு வேலையாட்கள் போனிலும், இரண்டு சமையல் மாஸ்டர்கள் போனிலும் இதை மாற்றினேன். ப்ளூடூத்தையும் லொகேஷனையும் அணைக்காமல் வைக்கச் சொன்னேன். சார்ஜ் மிச்சம் பிடிக்கிறேன் என்று இரண்டையும் அணைத்துவிடுவதுதானே நம் ஆட்கள் வழக்கம். பாத்திரம் போகிற ஊருக்கெல்லாம் இவர்களில் ஒருவராவது போவார்கள். ஆக எனக்கென்று ஒரு சின்ன வலை கிடைத்தது. உங்களிடம் கடையோ தோப்போ ஆட்களோ இருந்தால், ஐந்நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்து நல்ல டேக் தேடுவதைவிட இது பலன் தரும்.

பெரிய வீட்டுக்குள்ளேயே தேடுவது வேறு கதை. முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகள் இவை. சாவியை மூன்றாம் கட்டில் போட்டுவிட்டு முகப்பில் நின்று ஒலி எழுப்பினால் கேட்காது. முதலில் உங்கள் போன் டேக்கோடு இணையவே வேண்டும். வெட்டவெளியில் எவ்வளவு தூரம் என்று பெட்டியில் போட்டிருந்தாலும், நம் சுவர்களுக்குள் பத்து மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டுக்குக் கட்டு நடந்து, ஒவ்வொன்றிலும் நின்று அழுத்திப் பாருங்கள். ஐபோன் 11 முதல் வந்த பல மாடல்களில் ஏர்டேக் இருக்கும் திசையை அம்புக்குறியே காட்டும். அறைக்குள் வந்த பிறகு அது அருமையான வசதி.

இரும்பு என்று வந்தால் இரண்டு வகையும் கைவிரித்துவிடும். இரும்புப் பெட்டி, பீரோ, பேங்க் லாக்கர் எதற்குள் வைத்தாலும் சமிக்ஞை வெளியே வருவது கஷ்டம். ஓர் ஆச்சி வெள்ளிச் சாமானோடு டேக்கைப் போட்டு இரும்புப் பெட்டியைப் பூட்டிவிட்டு, கோலாலம்பூரிலிருந்து தினம் பார்க்கலாம் என்று நினைத்திருந்தார்கள். நானும் அதே தப்பைச் செய்தேன், அண்டாவுக்குள் டேக் போட்டு அதன்மேல் அண்டாவைக் கவிழ்த்து அடுக்கினேன். எவர்சில்வரும் பித்தளையும் அதை விழுங்கிவிட்டன. இப்போது டேக் இருப்பது பிளாஸ்டிக் கரண்டிப் பெட்டியின் அடியிலும் ஜமுக்காளச் சாக்கின் தையலுக்குள்ளும்தான். பாத்திரங்களுக்கு அப்பா காலத்து வழிதான்: விளிம்பில் பெயர் வெட்டுவது, நோட்டில் எண்ணி எழுதுவது. செட்டிநாட்டில் ஒரு கரண்டிக்குக்கூட இனிஷியல் வெட்டி வைத்தவர்கள் நம் முன்னோர். நானூறு பாத்திரத்துக்கு நானூறு டேக் வாங்கச் சொன்ன விற்பனைத் தம்பியிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

சரி, வண்டி. என் இரண்டாவது தவறு. குட்டியானையின் சீட்டுக்கு அடியில் ப்ளூடூத் டேக் வைத்திருந்தேன். ஊருக்குள் நிற்கும்வரை ஒழுங்காகக் காட்டியது. ஒருநாள் இரவு அறந்தாங்கிப் பக்கம் லோடு இறக்கப் போன வண்டி பதினொரு மணிக்கு மேலும் வரவில்லை, டிரைவர் போன் அணைந்து கிடக்கிறது. டேக் கடைசியாகச் சொன்ன சேதி நான்கு மணி நேரத்துக்கு முந்தையது. வண்டி பஞ்சராகி ஓரமாய் நின்றிருக்கிறது, டிரைவர் தம்பி போனில் சார்ஜ் இல்லை. விடிய விடிய நான் தூங்கவில்லை. ஓடுகிற பொருளுக்கு, அதுவும் இரவில் ஆளில்லாச் சாலையில் ஓடுகிற பொருளுக்கு, ஜிபிஎஸ்தான். வண்டியில் 12 வோல்ட் பேட்டரி ஏற்கனவே இருக்கிறது, சார்ஜ் கவலையே இல்லை. நேரடியாக வயர் பிடித்துவிடலாம்.

ஜிபிஎஸ் வாங்கும்போது விலையைக் கடைசியாகக் கேளுங்கள். முதலில் கேட்க வேண்டியது, இது 2ஜியா 4ஜியா. ஜியோவில் 2ஜி கிடையாது. 2ஜி மட்டும் உள்ள கருவியில் ஜியோ சிம் போட்டால் வேலை செய்யாது. இனி வாங்குவது 4ஜியாகவே இருக்கட்டும். எந்த கம்பெனி சிம் என்பதை உங்கள் வண்டி போகிற ஊர்களில் எந்த டவர் எடுக்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள், காரைக்குடிக் கடைக்குள் எடுக்கிறதா என்று பார்த்து அல்ல. சிலர் கருவியோடு 13 இலக்க எண் உள்ள சிம் கொடுப்பார்கள். அது இயந்திரங்களுக்கானது, அதை ரீசார்ஜ் செய்வதும் அவர்கள் வழியாகத்தான். அது யார் பெயரில் இருக்கிறது, எப்போது முடிகிறது என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள்.

பிறகு சர்வர், அதாவது கருவி அனுப்பும் சேதியை வாங்கி நம் ஆப்புக்குக் கொடுக்கும் கம்பெனிக் கணினி. இதில்தான் நான் அடி வாங்கினேன். பெயர் வேண்டாம், முதல் வருடம் இலவசம் என்றார்கள். இரண்டாம் வருடம் பணம் கட்டினேன். மூன்றாம் மாதம் ஆப் திறக்கவில்லை, விற்றவர் போனை எடுக்கவில்லை. கருவி நன்றாகத்தான் இருந்தது, அது சேதி அனுப்பும் முகவரியில்தான் ஆள் இல்லை. அக்கா மகன்தான் காப்பாற்றினான். பல கருவிகளில், ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, எந்த சர்வருக்குத் தகவல் போக வேண்டும் என்பதை நாமே மாற்றலாம். ட்ராக்கார் என்று ஒரு திறமூல மென்பொருள் இருக்கிறது, நிறைய வகைக் கருவிகளின் மொழி அதற்குத் தெரியும். அதில் இணைத்துவிட்டான். ஆகவே வாங்கும் முன்பே, “சர்வர் முகவரியைக் குறுஞ்செய்தியில் மாற்றலாமா, அதன் பாஸ்வேர்டு தருவீர்களா” என்று கேளுங்கள். முழிக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

பொருத்துவதிலும் சூட்சுமம் உண்டு. திருடன் கண்ணில் படக்கூடாது என்று மெக்கானிக் அதை இன்ஜினுக்குப் பக்கத்தில் தகட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தார். திருடன் கண்ணில் மட்டுமல்ல, செயற்கைக்கோள் கண்ணிலும் படவில்லை. பிளாஸ்டிக் டேஷ்போர்டுக்கு உள்ளே, கண்ணாடிக்குக் கீழே, எழுத்துள்ள பக்கம் மேலே பார்க்க வைப்பது நல்லது. வயரை நல்ல எலெக்ட்ரீஷியனிடம் ஃபியூஸ் போட்டு இழுக்கச் சொல்லுங்கள். உள்ளே ஒரு சின்ன பேட்டரி இருக்கிறதா என்றும் பாருங்கள். வண்டி பேட்டரியைக் கழற்றினால் அந்தக் குட்டி பேட்டரிதான் “என்னைப் பிடுங்கிவிட்டார்கள்” என்று கடைசிச் சேதி அனுப்பும். டாக்சி, பேருந்து போன்ற பயணிகள் வண்டிகளுக்கு ஏஐஎஸ் 140 என்ற தரத்தில், அவசரப் பொத்தானோடு அரசு கட்டாயமாக்கிய கருவி தனி. அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஜெனரேட்டருக்கு ஒரு வாரம் சோதித்தேன். இரும்புக் கூண்டுக்குள் வைத்தால் சூடு வேறு, சமிக்ஞையும் இல்லை. கடைசியில் சைலன்சருக்கு எதிர்ப்பக்கம், வெளியே ஒரு பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸுக்குள் வைத்து மூடினோம். பார்ப்பவர்கள் கரண்ட் பெட்டி என்று நினைத்துக்கொள்வார்கள். நின்றால் தூங்கு, அசைந்தால் விழித்துச் சேதி அனுப்பு என்று அமைத்திருக்கிறேன். ஒவ்வொரு பத்து விநாடிக்கும் இடம் காட்டச் சொன்னால் சார்ஜ் கரைந்துவிடும். ஜெனரேட்டர் இருக்கும் இடம் எனக்குப் பத்து விநாடிக்கு ஒருமுறை தெரிந்து என்ன ஆகப்போகிறது?

டிரைவர் தம்பியிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன், வண்டியில் கருவி இருக்கிறது என்று. “நம்பலையா அண்ணே” என்று முகம் சுருங்கினான். பஞ்சரான ராத்திரியை ஞாபகப்படுத்தினேன். இப்போது அவனே, வீட்டில் கேட்டால் அந்த ஆப்பைக் காட்டித் தப்பித்துக்கொள்கிறான். சொல்லாமல் ஒருவர் பையிலோ வண்டியிலோ போட்டு வேவு பார்ப்பது வேறு, அதைச் செய்யாதீர்கள். ப்ளூடூத் டேக்கில் அது அவ்வளவு எளிதில் நடக்கவும் நடக்காது. 2024 மே மாதத்திலிருந்து ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து செய்த ஏற்பாட்டில், அந்நிய டேக் ஒன்று கூடவே வந்தால் ஐபோனும் ஆண்ட்ராய்டு போனும் எச்சரிக்கும். சொந்தக்காரரைப் பிரிந்து நேரம் ஆகிவிட்ட ஏர்டேக், இடம்பெயரும்போது தானாக ஒலியெழுப்பும்.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. திருடனுக்கும் அதே எச்சரிக்கை போகும். டேக்கைக் கழற்றி ஊருணியில் எறிந்துவிட்டுப் போய்விடுவான். ஆகவே தொலைவது என்றால் டேக், திருடு போவது என்றால் ஜிபிஎஸ் என்று வைத்துக்கொள்ளலாம். எதுவானாலும் புள்ளியைப் பார்த்துவிட்டு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு நீங்களே போய்க் கதவைத் தட்டாதீர்கள். டேக் காட்டுவது பக்கத்து வீட்டுக்காரர் போன் நின்ற இடமாகக்கூட இருக்கலாம். திரையைப் படம் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போவதுதான் முறை.

பயணப் பெட்டி பற்றி எங்கள் ஊர் ஆச்சிமார் அடிக்கடி கேட்பார்கள். திருச்சியில் ஏறி சிங்கப்பூரில் இறங்கும் பெட்டிக்கு ப்ளூடூத் டேக் போதும், அதுதான் நல்லதும். ஏர்போர்ட் முழுக்கப் போன்கள். அங்கே ஐபோனுக்குப் பஞ்சமே இல்லை. ஜிபிஎஸ்ஸில் நம் ஊர் சிம் அங்கே பேசாது, ரீசார்ஜ் செய்யும் லித்தியம் பேட்டரி என்பதால் விமான நிறுவனத்தின் விதியையும் பார்க்க வேண்டும். டேக்கின் வட்ட பேட்டரி அந்த வரம்புக்கு வெகு கீழே. ஐபோனில் 2024 இறுதியில் வந்த வசதி ஒன்று: தொலைந்த பெட்டி இருக்கும் இடத்தை ஒரு இணைப்பாக விமான நிறுவனத்துக்கே அனுப்பலாம்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிற பாதயாத்திரையும் இதே கணக்குத்தான். நடப்பவர்களின் பைகள் வேனில் முன்னே போய்விடும். ஒரேமாதிரி நீலப் பை நூறு இருக்கும். சாயங்காலம் கால் கடுக்க வந்து சேர்ந்தவர் தன் வேட்டியைத் தேடிக்கொண்டு நிற்பார். போன வருடம் என் பையில் டேக் போட்டேன். வழியெல்லாம் கூட்டம், எல்லார் கையிலும் போன். “ஒரு நிமிடம் முன்பு” என்றே காட்டிக்கொண்டிருந்தது. ஒலி எழுப்பியதும் பை பேசியது, பக்கத்தில் படுத்திருந்த பெரியவர்தான் திட்டினார். வேனுக்கு மட்டும் ஜிபிஎஸ் இருந்தால் நல்லது. அது குழுக்காரர்கள் செலவு.

அப்பாவின் டிவிஎஸ் ஃபிஃப்டிக்கு என்ன போடுவது என்று யோசித்தேன். வண்டி என்பதால் ஜிபிஎஸ் என்று தோன்றும். ஆனால் அவர் அதை எங்கே விடுவார்? கல்லுக்கட்டியில் காய் வாங்கப் போய், வண்டியை எங்கே நிறுத்தினோம் என்பது மறந்து ஆட்டோவில் வீட்டுக்கு வந்துவிடுவார். கடைத்தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கிறது, வண்டி அசையாமல் நிற்கிறது. சீட்டுக்கு அடியில் ஒரு டேக் போதும். இதுவரை நான்கு முறை மீட்டிருக்கிறோம்.

அந்த கானாடுகாத்தான் ஆச்சி வீட்டுச் சாவிக்கு இப்போது ஏர்டேக். 2023-ல் வந்த ஐபோன் மென்பொருளான ஐஓஎஸ் 17-லிருந்து ஒரு ஏர்டேக்கை இன்னும் ஐந்து பேரோடு பகிர்ந்துகொள்ளலாம். எட்டுப் புள்ளிக்கு, அதாவது எட்டுக் குடும்பத்துக்கு, பாத்தியப்பட்ட வீடு அது. ஐபோன் வைத்திருக்கிற பங்காளிகளில் ஐந்து பேரைத் தேர்ந்தெடுக்க ஆச்சி ஒரு கூட்டமே போட்டார்கள். யார் கையில் சாவி இருக்கிறது என்று இனி யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். முதல் வாரத்திலேயே, “சாவி ஏன் மதுரையில நிக்குது?” என்று மூன்று பேர் ஆச்சிக்குப் போன் போட்டுவிட்டார்கள்.

நீங்கள் வாங்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள். டேக்கையோ டிராக்கரையோ உங்கள் பொருள் போகக்கூடிய இடங்களிலேயே ஆகக் கடைசியான, ஆளில்லாத ஊரில் ஒரு ராத்திரி விட்டுவிட்டு வாருங்கள். காலையில் வீட்டிலிருந்து பாருங்கள். திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் இதைச் செய்ய வேண்டும். பேட்டரி மாற்றிய தேதியை டேக்கின் பின்னால் பிளாஸ்திரி ஒட்டி எழுதிவிடுங்கள். ஜிபிஎஸ் சிம் முடியும் தேதியை நான் கடை நாட்காட்டியில் தை முகூர்த்தங்களுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன், ஏனென்றால் அந்த மாதம் எனக்கு வேறெதுவும் ஞாபகம் இருக்காது.